சுவரில் ஒரு பொய்ச்சாட்சி

7

அழைப்பு மணியை அழுத்தியதும் கதவு பேசியது.

“வருக. நீங்கள் யார் என்று எனக்குத் தெரியவில்லை.”

“எங்க அம்மாவும் இதையேதான் சொல்றாங்க,” என்றான் கொழுந்தன்.

“கதவுகிட்ட வாய் குடுக்காதே தம்பி. அது எழுதி வெச்சுக்கும்,” என்றாள் அண்ணி.

அண்ணி என்றால் பழைய அண்ணி. விவாகரத்தில் கொழுந்தனின் அண்ணன் காரை எடுத்துக்கொண்டான், சோபாவை எடுத்துக்கொண்டான், சமையலறைக் கடிகாரத்தைக்கூட விடவில்லை. பிறகு ஒரு நாள் தம்பிக்கு வேலை போய் நடுத்தெருவில் நின்றபோது அண்ணன் போனை எடுக்கவில்லை, அண்ணி எடுத்தாள். அன்று முதல் அவள் துப்பறிய, இவன் கூட நின்று வாயடிக்கிறான். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்குமே அவள் அண்ணிதான். ஒரு இன்ஸ்பெக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார், அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

அவர்களுக்குப் பின்னால் படிக்கட்டில் நர்ஸ் நின்றாள். இதே கதவு செவ்வாய்க்கிழமை வரை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திறந்தது. இன்று வெள்ளிக்கிழமை, மணி மூன்று ஐந்து. நாலு மணிக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் எந்த வீட்டுக் கதவும் அவளுக்குத் திறக்காது.

விஷயம் இதுதான். இந்த வீட்டில் ஒரு பெரியவர். ஒன்றரை வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து ஒரு பக்கக் கைகாலும் பேச்சும் போய்விட்டன. மகள் காலையில் வேலைக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவாள். அதுவரை சக்கர நாற்காலிக்குத் துணை நர்ஸ். செவ்வாய்க்கிழமை தலைவலி என்று மகள் இரண்டு மணிக்கே வந்துவிட்டாள். வந்து பார்த்தால் அப்பா ஹாலில் தரையில் கிடக்கிறார், நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். நர்ஸ் கையில் போர்வையோடு உள்ளறையிலிருந்து ஓடி வருகிறாள்.

“திடீர்னு ஒரே குளிர்மா. போர்வை எடுக்கப் போனேன், அதுக்குள்ள விழுந்துட்டார்.”

வெளியே தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிற வெயில். மகள் போனைத் திறந்து பார்த்தாள். சுவரில் இருக்கும் வட்டப்பெட்டி, அதாவது ஏசியைத் தானே கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்டாட், வீட்டில் நடப்பதையெல்லாம் அந்தப் போனுக்குக் கோள் சொல்லும். அது சொன்னது: பத்து மணி, வீட்டில் ஆள் இல்லை, ஏசி நிறுத்தப்பட்டது. ஒரு மணி, வெப்பம் முப்பத்தைந்து. ஒன்று ஐம்பத்தைந்து, ஆள் வந்தார், ஏசி போடப்பட்டது.

பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். மூன்று வாரமாக எல்லா வேலை நாளிலும் பத்து முதல் இரண்டு வரை ஆள் இல்லை.

நாலு மணி நேரம் அப்பாவைத் தனியே போட்டுவிட்டு ஊர் சுற்றிவிட்டு, ஐந்து நிமிஷத்துக்கு முன் ஓடி வந்து, குளிர் என்று பொய்யும் சொல்கிறாள். மகள் அழுதுகொண்டே நர்ஸை அனுப்பிய ஏஜென்சிக்குப் புகார் எழுதினாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் எழுதியிருப்பார்கள். இன்று நாலு மணிக்கு ஏஜென்சி போன் செய்யும். மகள் ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் நர்ஸின் பதிவு ரத்து.

நர்ஸுக்கு வக்கீல் வைக்க வசதி இல்லை. ஆனால் போன வருஷம் அண்ணி கால் முறிந்து கிடந்தபோது ஆறு வாரமும் கூட இருந்து, இரவில் வலியில் அவள் திட்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டது இந்த நர்ஸ்தான். அதனால்தான் அண்ணி இப்போது இந்தப் படியில் நிற்கிறாள்.

கதவு திறந்தது. மகளுக்குத் தூங்காத முகம். நர்ஸைப் பார்க்காமல், “ஒரு மணி நேரந்தான்,” என்றாள். “நியாயமா நடந்துக்கணும்னுதான் வரச் சொன்னேன். கம்பெனியிலேர்ந்தும் ஒருத்தர் வந்திருக்கார்.”

கம்பெனி என்றால் சாதாரணக் கம்பெனி அல்ல. மனுஷனின் கடிதம், படம், பாட்டு, போகும் வழி எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, இனி படுக்கையறைச் சுவர்தான் பாக்கி என்று மூன்று வாரத்துக்கு முன்னால் வட்டப்பெட்டி செய்த சின்னக் கம்பெனியை விழுங்கிய மகா கம்பெனி. அதன் பிரதிநிதி சோபாவில் பல் தெரிய உட்கார்ந்திருந்தார். அட்டையில் ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சி அதிகாரி’ என்று போட்டிருந்தது.

கொழுந்தன் அவரை அடையாளம் கண்டுகொண்டான். போன வாரம் நேர்முகத் தேர்வில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மூன்று பேரில் இந்தச் சிரிப்பும் ஒன்று. அவன் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு கடிதம் இருந்தது: கள நிபுணர் பதவி, திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குச் சேரவும். அண்ணியிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் ‘பையன் என்ன பண்றார்’ என்று கேட்டபோது அவன் அம்மா இருமிவிட்டுத் தண்ணீர் கேட்டாள். ஒரு அட்டை, அதில் ஒரு பதவி, அவ்வளவுதான் அவன் ஆசை.

அதிகாரி அவனைப் பார்த்ததும் எழுந்து கைகொடுக்கிற சாக்கில் காதருகே வந்தார். “திங்கட்கிழமை நீங்க நம்ம ஆளு. எந்தப் பக்கம் நிக்கணும்னு சொல்லித் தர வேண்டியதில்லை.”

“நான் இப்போதைக்கு மின்விசிறிப் பக்கம் நிக்கிறேன் சார், வேர்க்குது.”

ஹாலின் நடுவே சக்கர நாற்காலியில் பெரியவர். நர்ஸைப் பார்த்ததும் அவருடைய நல்ல கை எழுந்தது. வாயைக் கோணலாகத் திறந்து, தெளிவாகச் சொன்னார்.

“போடா.”

கொழுந்தன் திரும்பிப் பார்த்தான்.

“தப்பா நெனைச்சுக்காதீங்க,” என்றாள் மகள், மெல்ல. “ஸ்ட்ரோக் வந்து எல்லாச் சொல்லும் போயிடுச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். பசிச்சாலும் போடா, என்னைப் பார்த்தாலும் போடா. டாக்டரையும் அதான் சொன்னார்.”

“நல்ல சொல்லாத்தான் மிஞ்சியிருக்கு,” என்றான் கொழுந்தன். “தினமும் இது ஒண்ணை வெச்சே நான் குடித்தனம் நடத்திடுவேன்.”

வார்த்தை வாயை விட்டுப் போகும்போதே அவன் கண் சுவருக்குப் போயிற்று. அங்கே வட்டப்பெட்டி. அதைப் பிடித்திருந்த தகட்டில் நாலு திருகாணி. மூன்று வெள்ளை. நாலாவது, கீழே இடது பக்கம், பித்தளை.

அவன் வாய் மூடியது. அண்ணி அவனை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

நாலாவது திருகாணியைத் தவறாமல் கீழே போட்டுத் தொலைத்துவிட்டு, பையில் இருக்கும் பித்தளை ஆணியை வைத்து முறுக்குகிற ஆள் இந்த உலகத்தில் ஒருவன்தான். சின்னக் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் இந்த மாதிரிப் பெட்டியை அவன் நானூறு வீட்டில் மாட்டியிருக்கிறான். எல்லாம் ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரிச் சுவர். இந்த வீடு ஞாபகமில்லை. அந்த ஆணி ஞாபகம் இருந்தது.

“ஆரம்பிக்கலாமா?” என்றார் அதிகாரி. “எங்க சிஸ்டம் பொய் சொல்லாது மேடம். அதுக்கு வேலை போகும்ங்கிற பயம் இல்லை, வீட்டுக் கஷ்டம் இல்லை. மனுஷங்கதான் பொய் சொல்லுவாங்க.”

நர்ஸ் வாசலருகே நின்றபடியே சொன்னாள். “நான் பொய் சொல்லலைங்க. மூணு வாரமா தினமும் ஒன்றரை மணிக்கு வீடு ஐஸ் பெட்டி மாதிரி ஆகுது. பெட்டியில பதினாறுன்னு காட்டும். நான் இருபத்தஞ்சுக்குத் திருப்புவேன். தானா மறுபடி பதினாறுக்குப் போகும். அம்மாகிட்ட ரெண்டு தடவை சொன்னேன்.”

“சொன்னாங்க,” என்றாள் மகள். “உடனே போன்ல பார்த்தேன். முப்பத்திநாலு டிகிரின்னு இருந்துச்சு. முப்பத்திநாலுல எப்படிங்க குளிரும்?”

அண்ணி அதற்குள் ஹால் மூலைக்குப் போயிருந்தாள். பெரியவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த மருந்துத் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தத் தட்டை யாரு தொட்டது?”

“யாரும் தொடலை. மாத்திரையெல்லாம் தனியா டப்பாவுல இருக்கு. இதுல இருக்கிறது...” மகள் முகத்தைச் சுளித்தாள். “அதை வைக்க எனக்குத் தைரியம் வரலை.”

“இதை எப்பப் பிரிச்சீங்க?” அண்ணி நர்ஸிடம் கேட்டாள்.

“செவ்வாய்க்கிழமை காலையில ஒன்பதரைக்கு. அய்யாவுக்கு மூணு நாளா வயிறு போகலை. ஒண்ணு வெச்சேன், மீதி அங்கேயே இருக்கு. சார்ட்ல எழுதியிருக்கேன்.”

அண்ணி பேனா முனையால் ஒன்றை உருட்டினாள். மலச்சிக்கலுக்குப் பின்வழியாக வைக்கிற, மெழுகு போல வெளுத்த, சின்னத் தோட்டா வடிவ மருந்து. நாலும் வரிசையாக, வழவழவென்று, முனை மழுங்காமல் கிடந்தன.

“அண்ணி, அதைப் பேனாவால தொடாதீங்க. அப்புறம் அந்தப் பேனாவை நான்தான் கடிப்பேன்.”

“தம்பி, உறையில என்ன போட்டிருக்கு, படி.”

“‘முப்பது டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம். உருகிவிடும்.’” படித்தவன் நிமிர்ந்தான். “உருகலையே.”

“வைக்கிற இடத்துல உருகறதுக்குன்னே செஞ்ச மருந்து,” என்றாள் அண்ணி. “உடம்புச் சூட்டுல கரையும். உங்க சிஸ்டம் என்ன சொல்லுது? செவ்வாய்க்கிழமை மதியம் இந்த ஹால் முப்பத்தஞ்சு. அப்படின்னா சாயங்காலம் இந்தத் தட்டுல எண்ணெய்தானே இருந்திருக்கணும்? இது நாலும் பட்டாளத்துச் சிப்பாய் மாதிரி நிக்குது.”

அதிகாரியின் சிரிப்பு ஒரு பல் குறைந்தது. “கோடிக்கணக்கான வீட்டு டேட்டாவை வெச்சு ஓடுற சிஸ்டம் மேடம். அதுக்கு எதிரா நீங்க கொண்டு வர்ற சாட்சி இதுவா?”

“எந்த வழியா வந்தா என்ன சார், சாட்சி சாட்சிதானே,” என்றான் கொழுந்தன்.

“போடா,” என்றார் பெரியவர். அவருடைய பாதி முகம் சிரித்தது போலிருந்தது.

“ஒண்ணு ரெண்டு டிகிரி முன்னப்பின்ன இருக்கலாம்,” என்றார் அதிகாரி. “ஆனா ஆள் இல்லைன்னு சொல்றது பெட்டியோட கண்ணு. அசைஞ்சா பார்க்கும். அது தப்பாது.”

அண்ணி மகளின் பக்கம் திரும்பினாள். “நேத்திக்குப் பத்துலேர்ந்து ரெண்டு வரைக்கும் இந்த வீட்ல யாருங்க இருந்தது?”

“நான்தான். செவ்வாய்க்கிழமையிலேர்ந்து லீவு. அப்பாவை யார் பார்க்கிறது?”

“போன்ல நேத்து பக்கத்தைப் பாருங்க.”

“அன்னிக்கு அப்புறம் அதைத் திறக்கவே பிடிக்கலை...” மகள் தயங்கித் திறந்தாள். விரல் நின்றது. நேற்று: பத்து மணி, ஆள் இல்லை. முந்தாநாள்: ஆள் இல்லை. இன்று: ஆள் இல்லை. ஒன்று ஐம்பத்தைந்து, ஆள் வந்தார்.

“நீங்களும் ஊர் சுத்தப் போயிட்டீங்களா?” என்றாள் அண்ணி.

“ரெண்டு நாளும் வாசப்படி தாண்டலை.” மகளின் குரல் இறங்கிவிட்டது. “நேத்து மூணு தடவை துணி துவைச்சேன். இந்த ஹால்லதான் காயப் போட்டேன்.” கொஞ்சம் நின்றாள். “நேத்து மதியம் எனக்குமே குளிருச்சு. காய்ச்சல் வருதோன்னு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டேன்.”

அப்போதுதான் அவள் முதல் தடவையாக நர்ஸை நேராகப் பார்த்தாள். நர்ஸ் தரையைப் பார்த்தாள்.

ஆனால் மகிழ்ச்சி அதிகாரி என்றால் சும்மாவா? “சரி. ரெண்டு மூணு நாளாக் கோளாறு இருக்கலாம், ஒப்புக்கறேன். ஆள் அனுப்பிச் சரி பண்றோம். ஆனா புகார் செவ்வாய்க்கிழமையைப் பத்தி. அன்னிக்குக் கோளாறு இல்லைன்னு எங்க ரிப்போர்ட் ஏஜென்சிக்கு நேத்தே போயாச்சு. கோளாறு என்ன, எதனால, எழுத்துல காரணம் காட்டினாத்தான் அவங்க மாத்துவாங்க. உங்க வயித்து மருந்தை எல்லாம் அவங்க ஃபைல்ல போட மாட்டாங்க.” கடிகாரத்தைப் பார்த்தார். “மூணரை.”

“தம்பி,” என்றாள் அண்ணி, திரும்பாமலே. “பக்கத்து வீட்ல போய், செவ்வாய்க்கிழமை ஏதாவது சத்தம் கேட்டுச்சான்னு விசாரிச்சுட்டு வா.”

பக்கத்து வீட்டுக் கதவு மூன்று விரல்கடை திறந்தது. இடுக்கில் ஒரு துடைப்பக் கட்டை நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்தவர் பனியனும் அரைக்கால் சட்டையுமாக வியர்வையில் குளித்திருந்தார். சுவரில் தொங்கிய பலகையில் பல் மருத்துவர் என்று இருந்தது.

“நீங்க பேய் ஓட்டுறவரா?”

“இல்லைங்க, பக்கத்து வீட்டுக்கு வந்தவன். ஏன், வீட்ல பேயா?”

டாக்டர் இருபக்கமும் பார்த்துவிட்டு அவனை உள்ளே இழுத்தார். ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது, ஏசி நின்றிருந்தது. “வெளியில சொல்லிடாதீங்க, பேஷன்ட் வர மாட்டாங்க. தினமும் பத்துலேர்ந்து ரெண்டு மணி வாக்கு வரைக்கும் நான் வீட்ல இருக்க மாட்டேன், கிளினிக். வீட்ல நான் மட்டுந்தான். ஆனா போன் என்ன சொல்லுது தெரியுமா? ‘வீட்டில் ஆள் நடமாட்டம்.’ மூணு வாரமா! வர்றதுக்கு முன்னாடி வீடு குளுகுளுன்னு இருக்கட்டுமேன்னு ஒன்றரைக்குப் போன்லேயே பதினாறு வைப்பேன். அது இருபத்தஞ்சு ஆக்கும். நான் பதினாறு வைப்பேன். அது இருபத்தஞ்சு! வந்து பார்த்தா வீடு அடுப்பு மாதிரி கொதிக்குது. இப்பப் பெட்டியைக் கையால அணைச்சு வெச்சிருக்கேன். தொடவே பயமா இருக்கு.”

“கம்பெனியில சொன்னீங்களா?”

“போனை அணைச்சுப் போடுங்கன்னாங்க. அஞ்சு தடவை.”

கொழுந்தன் சுவரைப் பார்த்தான். வட்டப்பெட்டி. மூன்று வெள்ளை, ஒரு பித்தளை.

இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. பக்கத்துப் பக்கத்து வீடு என்றால் இரண்டு பெட்டியையும் ஒரே மூச்சில் மாட்டிவிடுவான். காகிதம் நிரப்புகிற வேலை கடைசியில், படிக்கட்டில் உட்கார்ந்து. பெட்டியின் எண் சீட்டு இரண்டையும் உரித்து அதுவரை இடது முழங்கையில் ஒட்டி வைப்பான்: மேலே இருப்பது இந்த வீடு, கீழே இருப்பது அந்த வீடு. அவனுடன் வேலை பார்த்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அன்று இதே மாதிரி வெயில். வியர்வையில் இரண்டு சீட்டும் நழுவிக் கையைச் சுற்றி எங்கேயோ போய்விட்டன. எது மேலே, எது கீழே? யோசித்துப் பார்த்து, யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு குத்துமதிப்பில் வீட்டுக்கொரு காகிதத்தில் ஒட்டிவிட்டான்.

உண்மையிலேயே யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் சுவரில் கையை வைத்தே திருப்பிக்கொண்டிருந்தார்கள். காகிதம் அலமாரியில் தூங்கிற்று. பிறகு மகா கம்பெனி வந்தது. சின்னக் கம்பெனியை அலமாரியோடு வாங்கி, அந்தக் காகிதங்களை வேதவாக்காக நம்பி, வீட்டுக்கு வீடு போனோடு கோர்த்துவிட்டது. இத்தனை பெரிய அறிவுக்கு அஸ்திவாரம் இவன் முழங்கை வியர்வை.

பெரியவரின் நெற்றி வீக்கம் அவன் கண்முன் நின்றது. படிக்கட்டில் நின்ற நர்ஸும் வந்து நின்றாள். சட்டைப் பையில் கடிதம் உறுத்தியது.

பேசாமல் இருந்தால் என்ன ஆகும்? ‘சத்தம் எதுவும் கேட்கவில்லையாம்’ என்று ஒரு வரி சொன்னால் போதும். திங்கட்கிழமை அட்டை கழுத்தில் தொங்கும். அம்மா இருமாமல் பதில் சொல்வாள். அவன் அதை நன்றாகவே யோசித்தான். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். டாக்டர் வீட்டு வாசலுக்கும் அந்த வீட்டு வாசலுக்கும் எட்டு அடி. அதை நடக்க அவனுக்கு மூன்று நிமிஷம் பிடித்தது.

உள்ளே வந்தபோது மணி மூன்று ஐம்பது. “சத்தம் கேட்டுச்சாமா?” என்றாள் அண்ணி.

“கேட்கலையாம்.” அதிகாரியின் சிரிப்பு முழுசாகத் திரும்பியது. கொழுந்தன் சுவரில் இருந்த பெட்டியைக் காட்டினான். “ஆனா கோளாறு என்னன்னு தெரியும். இந்தப் பெட்டியை மாட்டினது நான். அந்த வீட்ல மாட்டினதும் நான். ரெண்டு வீட்டு எண்ணையும் மாத்தி ஒட்டிட்டேன். இவங்க போன் பார்க்கிறது டாக்டர் வீட்டை. டாக்டர் போன் பார்க்கிறது இந்த வீட்டை. ஆள் இல்லாதது அவர் வீட்ல. குளிர்ந்தது இங்க. நர்ஸம்மா சொன்னது அத்தனையும் நெசம்.”

அதிகாரிதான் முதலில் வாயைத் திறந்தார். “இப்படி யார் வேணும்னாலும் சொல்லலாம்.”

“ஏம்மா,” என்றாள் அண்ணி மகளிடம், “உங்க போன்ல பதினாறு வைங்க.”

மகள் வைத்தாள். சுவரில் இருந்த பெட்டி இருபத்தைந்திலேயே இருந்தது. ஹாலில் ஒரு மாற்றமும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

“ஐயோ! தானாப் போட்டுக்குச்சு! வந்துடுச்சு!”

சுவருக்கு அந்தப் பக்கம் எதுவோ உருண்டது. கொழுந்தன் சரியாகச் சாத்தாமல் விட்டிருந்த கதவு படாரென்று திறந்தது. பல் டாக்டர் பனியனோடு, துடைப்பக் கட்டையோடு, செருப்பில்லாமல் ஹாலுக்கு நடுவே வந்து நின்றார். கதவு அவருக்குப் பின்னால் நிதானமாக, “வருக. நீங்கள் யார் என்று எனக்குத் தெரியவில்லை,” என்றது.

“டாக்டர், இதுதான் உங்க பேய்,” என்று கொழுந்தன் நர்ஸைக் காட்டினான். “இருபத்தஞ்சுக்குத் திருப்பினது இவங்கதான். போனைக் குடுங்க.”

டாக்டர் போனில் செவ்வாய்க்கிழமை முழுசாக இருந்தது. பத்து மணி, ஆள் நடமாட்டம். பத்து எட்டு, நடமாட்டம். பத்து நிமிஷம்கூட இடைவெளி இல்லாமல் ஒன்றரை வரைக்கும் ஒரு மனுஷி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறாள். பிறகு பதினாறு. இருபத்தைந்து. பதினாறு. இருபத்தைந்து. பதினாறு. கடைசியாக ஒன்று ஐம்பத்தெட்டுக்கு யாரோ பெட்டியைத் தொட்டிருக்கிறார்கள், ஆனால் திருப்பவில்லை.

“அது நான் இல்லை,” என்றாள் நர்ஸ். “அப்ப நான் உள்ளே போர்வை எடுத்துக்கிட்டிருந்தேன்.”

எல்லோரும் சக்கர நாற்காலியைப் பார்த்தார்கள். பெரியவர் நல்ல கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினார். குளிர் தாங்காமல், தானே திருப்பிவிடலாம் என்று நாற்காலியிலிருந்து எக்கியிருக்கிறார். விரல் எட்டியது, கால் நிற்கவில்லை.

மகள் அப்படியே அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அழும்போதே போன் அடித்தது. மணி நாலு. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள். “புகாரை வாபஸ் வாங்கறேன். தப்பு எங்க பேர்ல. காரணத்தை எழுதி, மாட்டின ஆள் கையெழுத்தோட அனுப்பறேன். அவங்க நாளையிலேர்ந்து வருவாங்களான்னு மட்டும் நான் அவங்களையே கேட்டுக்கறேன்.” நர்ஸ் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, மூன்று நாள் கழித்து உள்ளே வந்து, பெரியவரின் நெற்றி வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

அண்ணி நீட்டிய தாளில் கொழுந்தன் கையெழுத்துப் போட்டான். அதிகாரி கையை நீட்டினார். இந்த முறை கைகுலுக்க அல்ல. “அந்த லெட்டர்.”

அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அண்ணியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“நகல் வேணும்னாலும் சொல்லுங்க சார்,” என்றாள் அண்ணி. “எங்க ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷின்ல போட்டு எடுத்துட்டு, அசலைக் கண்ணாடிக்கு அடியிலேயே விட்டுட்டுப் போயிட்டான். துப்பறியும் ஆபீஸ்ல! மதியம் நான்தான் எடுத்து அவன் மேஜையில வெச்சேன்.”

அதிகாரி சிரிப்பை மடித்து எடுத்துக்கொண்டு போனார். கதவு அவருக்கு நல்வாழ்த்துச் சொன்னது.

“தெரிஞ்சும் ஏன் கேட்கலை?” என்றான் கொழுந்தன்.

“நல்ல வேலை. போறவனை ஏன் தடுக்கணும்?”

“அப்ப அந்த ஆணி? அதுவும் தெரியுமா?”

“என் வீட்ல கடிகாரம், காலண்டர், கண்ணாடி எல்லாம் பித்தளையிலதான் தொங்குது. உள்ளே நுழைஞ்சதுமே உன் வாய் மூடிச்சு பாரு, அப்பவே இதை மாட்டினதும் சொதப்பினதும் நீதான்னு தெரிஞ்சுபோச்சு. உன் வாய் சும்மா மூடுமா?” கைப்பையை மாட்டிக்கொண்டாள். “நாலு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கிறப்ப நானே சொல்லிடலாம்னு இருந்தேன். நீ பத்து நிமிஷம் இருக்கிறப்ப சொல்லிட்ட. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஆபீஸ் வந்துடு.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்க்ரூடிரைவரைத் தேடுகிற மாதிரி பையைக் கிளறினான். பெட்டியைக் கழற்றிவிட்டுப் பழையபடி கையால் திருப்புகிற ஒரு சாதாரணத் திருகு போட்டுத் தரச் சொல்லி மகள் கேட்டிருந்தாள். டாக்டரும் கேட்டிருந்தார், கட்டையைக் கீழே வைக்காமலே.

சுவரருகே போனபோது அண்ணி பெரியவரிடம் குனிந்து சொன்னாள். “அய்யா, உங்களைக் குளிர்ல நடுங்க வெச்ச புண்ணியவான் இவன்தான்.”

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பித்தளை ஆணியைப் பார்த்தார். திரும்ப அவனைப் பார்த்தார். வாய் கோணாமல், ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி, ஒன்றரை வருஷத்தில் இல்லாத தெம்போடு சொன்னார்.

“போடா.”

ஒன்றரை வருஷமாக மகளுக்கும் வைத்தியம் பார்த்த டாக்டருக்கும் கண்டவருக்கும் தப்பாகப் போய்க்கொண்டிருந்த அந்தச் சொல், இன்றைக்குத்தான் சரியான விலாசத்துக்கு வந்து சேர்ந்தது. கொழுந்தன் “சரிங்கய்யா” என்று தலையை ஆட்டிவிட்டு, முதல் வேலையாகக் கீழே இடது பக்கத்து ஆணியைக் கழற்றினான்.